வாலில் ஒட்டிய ‘மோஸ்ட்’

கேள்வி: ‘மோஸ்ட் பியூட்டிஃபுல்’ என்னும்போது ‘மோஸ்ட்’ முன்னால் வருகிறது. ‘ஃபோர்மோஸ்ட்’, ‘இன்னர்மோஸ்ட்’, ‘டாப்மோஸ்ட்’ ஆகியவற்றில் மட்டும் ஏன் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது? மகன் கேட்டான், விழித்தேன்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: இலக்கண ஆசிரியர்களே விழிக்கும் கேள்வி அம்மா இது! முன்னால் வரவேண்டிய ‘மோஸ்ட்’ இடம் மாறிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், ‘ஃபோர்மோஸ்ட்’டில் இருப்பது ‘மோஸ்ட்’டே இல்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘ஃபொர்மா’ என்றொரு சொல் இருந்தது. ‘எல்லோருக்கும் முன்னால், முதலாவது’ என்று பொருள். அதன் கடைசியில் உள்ள ‘மா’ ஒரு விகுதி, அதாவது சொல்லின் இறுதியில் சேரும் உறுப்பு. ‘எல்லாவற்றிலும் மேல்’ என்ற உச்சநிலையைக் காட்டுவதே அதன் வேலை. மிகப் பழைய விகுதி. வடமொழி ‘மத்யம’, ‘அதம’ என்பவற்றில் உள்ள ‘ம’வும், லத்தீன் ‘மினிமஸ்’ஸில் உள்ள ‘ம’வும் இதன் பங்காளிகள்தாம்.

நாளடைவில் அந்த ‘மா’வின் பொருள் மக்களுக்கு மறந்துபோனது. முதலாவதுக்கும் ஓர் உச்சம் வேண்டுமென்று, வழக்கமான ‘எஸ்ட்’ விகுதியையும் சேர்த்து ‘ஃபொர்மெஸ்ட்’ என்றார்கள். உச்சத்துக்கு மேல் உச்சம்! ‘மோஸ்ட்’ என்ற சொல்லின் அன்றைய வடிவமும் ஏறக்குறைய ‘மெஸ்ட்’ போலவே ஒலித்ததால், பின்வந்தவர்கள் இரண்டையும் ஒன்றென்று நம்பி, ‘ஃபோர்மோஸ்ட்’ என்று மாற்றிவிட்டார்கள். இதை மக்கள் வழிச் சொற்பிறப்பு என்பார்கள்: காதில் விழுந்ததற்குத் தெரிந்த சொல்லைக் கொண்டு காரணம் கற்பிப்பது.

அதே ‘ஃபொர்மா’வோடு, இரண்டை மட்டும் ஒப்பிடும் ‘அர்’ விகுதியைச் சேர்த்ததில் பிறந்ததுதான் ‘ஃபார்மர்’, ‘முன்னாள்’ என்ற பொருளில் வருவது. உச்சத்தின் மேல் ஒப்பீடு. எனக்கு ‘ஃபோர்மோஸ்ட்’டைவிட இதுதான் பெரிய வேடிக்கை.

‘மோஸ்ட்’ ஒரு விகுதி என்ற நம்பிக்கை வேரூன்றிய பிறகு தயக்கமே இல்லை. ‘டாப்மோஸ்ட்’, ‘சதர்ன்மோஸ்ட்’ என்று இடத்தையும் திசையையும் குறிக்கும் சொற்களில் தாராளமாக ஒட்டினார்கள். ‘இன்னர்’ ஏற்கெனவே ஒப்பீட்டுச் சொல், அதையும் விடவில்லை.

‘ஆல்மோஸ்ட்’டை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். அதில் இருப்பது அசல் ‘மோஸ்ட்’. ‘பெரும்பாலும் எல்லாம்’ என்ற பொருளில் பழைய ஆங்கிலத்திலேயே சேர்ந்த ஜோடி அது.