இருமலுக்கு நடுவே நாலு சொல்

அன்புள்ள பேத்திக்கு,

முதுமையைப் பற்றிச் சிரிப்பு வருகிற மாதிரி ஒரு கவிதை கல்லூரி மலருக்கு வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். உத்திரமேரூரிலேயே தொடங்கலாம் கண்ணு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) இருக்கிறதே, அதில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதிகள் வரிசையாக உண்டு. கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல், 70க்குள். எழுபது தாண்டினால் ஓலை கிடையாது! அன்றைக்கு வீடு திரும்பிய எழுபத்தொரு வயதுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து என்ன முணுமுணுத்திருப்பார்? கல்லில் அது இல்லை. அதற்குக் கவிஞர்களிடம்தான் போக வேண்டும்.

முதலில் தொடித்தலை விழுத்தண்டினாரிடம் போ. புறநானூறு 243ஆம் பாட்டு அவருடையது. ஒரு கிழவர் தன் சின்ன வயதை நினைத்துக்கொள்கிறார். மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்க மடுவில் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த பையன் அவர். இப்போது கையில் தடி, உடம்பில் நடுக்கம், இருமல். அந்த இருமலுக்கு நடுவே நாலு சொல். ஏக்கம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் படித்தபின் மனதில் நிற்பது அந்தக் கைப்பிடி மணலும் இருமலும்தான். ஊர் ஏரிக்கரைக்குப் போனால் இன்றும் பார்க்கலாம்: தண்ணீரில் குதிக்கிற பையன்களைத் திட்டிக்கொண்டு ஒரு பெரியவர் நிற்பார். திட்டில் பாதி பொறாமை.

நட்பில் வருகிற சிரிப்புக்குக் காஞ்சிபுரம் பக்கம் போ. ஏகாம்பரநாதர் உலா பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடக்காது. கண் தெரியாதவர் தோளில் கால் நடக்காதவர் ஏறிக்கொண்டு வழி சொல்வாராம். ஒரு வெண்பாவை ஒருவர் தொடங்க, மற்றவர் முடிப்பாராம். மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் துவைக்கும்போது துணி நழுவிப் போய்விட்டது என்று ஒரு கதை உண்டு. இந்த அடி அடித்தால் அது தப்பி ஓடாமல் என்ன செய்யும் என்று தொடங்குகிறார் ஒருவர். போனால் போகட்டும், சொக்கநாதர் இருக்கிறார் என்று முடிக்கிறார் மற்றவர். கட்டியிருந்த துணி போன நேரத்திலும் பாதி வெண்பாவை நண்பனுக்கு விட்டுவைக்கிற மனசு யாருக்கு வரும்?

நம் காலத்தில் ஞானக்கூத்தன் (1938–2016). பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். 1973இல் ‘அன்று வேறு கிழமை’ தொகுப்பு வந்தது. அவருடைய ‘அம்மாவின் பொய்கள்’ கவிதையைக் கட்டாயம் படி. குழந்தையாக இருந்தபோது அம்மா சொன்ன பொய்களை மகன் அடுக்கிக்கொண்டே போகிறான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தால், ஏனம்மா பொய் சொல்வதை நிறுத்திவிட்டாய் என்று கேட்கிறான்! அம்மா இருக்கும்போது படித்தால் சிரிப்பு. அம்மா போன பிறகு படிப்பவர்கள் பாடு வேறு. இசை என்ற கோவைக் கவிஞர், சங்க காலத்திலிருந்து இன்றுவரை கவிதையில் உள்ள விளையாட்டைப் பற்றி ‘பழைய யானைக் கடை’ என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நூலகத்தில் கேட்டுப் பார்.

உனக்கான சரக்கு ரேஷன் கடையில் இருக்கிறது. நாற்று நட்டுத் தேய்ந்த விரலை ஒருவர் மெஷினில் மாற்றி மாற்றி வைப்பார். “ரேகை விழல, அடுத்த விரல வைங்க பெரியவரே” என்பார் கடைக்காரர். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். ஆளே நேரில் போய் நின்றாலும் காகிதம் வேண்டும். போன வருஷம் வரிசையில் முன்னால் நின்று அரட்டை அடித்தவர் இந்த வருஷம் வரவில்லை என்றால், அந்தக் காகிதத்தைப் பற்றிய கேலிக்குள்ளேயே அவரும் வந்துவிடுவார். தனியாக ஒரு பத்தி அழ வேண்டாம்.

‘தள்ளாத வயது’, ‘பாவம்’ இரண்டையும் எழுதாதே. விரல் வைத்தவர் கடைக்காரருக்கு என்ன பதில் சொன்னார் என்று பக்கத்தில் நின்று கேட்டு, சொன்னது சொன்னபடி எழுது. முடித்ததும் பாட்டியிடம் படித்துக் காட்டு. அவள் சிரித்தால் மலருக்கு அனுப்பு; திட்டினால் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
தாத்தா