மாந்தோப்பில் கவாத்து: மழைக்கு முன்னரா, பின்னரா?

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தையொட்டி மாந்தோப்புகள் நிறைந்துள்ளன. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இப்பகுதிக்குப் பெயர் தேடித் தந்த இரகங்கள். காய்ந்த கிளைகளையும் நெருங்கிய கிளைகளையும் கழிக்கும் கவாத்து வேலை இத்தோப்புகளுக்குப் புதியதன்று. ஆயினும் அவ்வேலை நடைபெறும் காலத்தைப் பற்றிச் சிறிது ஆராய வேண்டியிருக்கிறது.

காய்ப்பு பெரும்பாலும் ஆனி, ஆடியில் ஓய்ந்துவிடும். காயைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரிக்கு அதன்பின் மரத்தைப் பற்றிய கவலை இல்லை. தோட்டத்துக்கு உடையவரோ, ஒரு மழை பெய்து மரம் தெளியட்டும் என்று காத்திருக்கிறார். மழை பெய்து கண்மாய் பெருகியதும் ஆட்கள் நெல் நடவுக்குப் போய்விடுகின்றனர். முடிவில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் சொட்டும் மரத்தின் மீது அரிவாள் விழுகிறது. இதுவே நோய்க்கு வாயிலைத் திறந்து விடுவதாகும்.

வெட்டுவாய் என்பது மரத்தின் உடலில் ஏற்பட்ட புண். மாமரத்தில் நுனிக்கருகல் நோயை உண்டாக்கும் லேசியோடிப்ளோடியா என்னும் பூசணம், பட்டுப்போன குச்சிகளில் தங்கியிருந்து, மழைத் தெறிப்பினாலும் காற்றினாலும் பரவி, ஈரமான புண்களின் வழியே உள்ளே புகுகிறது. கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வரும், பட்டை கறுக்கும், பிசின் வடியும், இலைகள் சுருண்டு பழுப்பாகி, உதிராமல் தொங்கும். வறண்ட நாளில் வெட்டிய புண் விரைவில் உலர்ந்துவிடுவதால் பூசணத்துக்கு அத்துணை இடம் கிடைப்பதில்லை.

இவ்வுண்மை மாமரத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் ஓக் மரங்களை வாடல் நோய் ஒன்று மாய்த்து வருகிறது. புதிய வெட்டுவாயிலிருந்து கசியும் சாற்றை நாடி வரும் சிறு வண்டுகள் நோய் வித்துக்களைச் சுமந்து வருகின்றன. ஆகவே அவ்வண்டுகள் நடமாடும் வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் ஓக் மரத்தில் கத்தி வைக்கலாகாது என்று அங்குள்ள வனத்துறையினர் எச்சரிக்கின்றனர். அங்கே வண்டு, இங்கே மழை.

நம் பகுதிக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அது வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். ஆகவே அறுவடை முடிந்தவுடன், ஆடியிலும் ஆவணியிலும் கவாத்தை முடித்துவிட வேண்டும். இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. அப்போது வெட்டினால் வரும் துளிர் முற்றுவதற்குக் காலம் கிடைக்கிறது. மார்கழி, தையில் பூக்க அது ஆயத்தமாகும். கார்த்திகையில் வெட்டினால் தையில் இளந்தளிரே மிஞ்சும், பூ இராது.

நோயுற்ற குச்சியைக் காய்ந்த இடத்தோடு வெட்டி நிறுத்துதல் போதாது. கருகிய பகுதிக்குக் கீழே சுமார் 3 அங்குலம் பச்சைப் பகுதியையும் சேர்த்து நீக்க வேண்டும். பெருங்கிளைகளை அரிவாளால் கொத்தாமல் ரம்பத்தால் அறுப்பது நலம். முதலில் அடிப்புறம் சிறிது அறுத்துக்கொண்டு, பின் மேற்புறம் அறுத்தால், கிளை முறியும்போது பட்டை உரிந்து வராது. அன்றே வெட்டுவாயில் போர்டோப் பசை தடவுக. மயில்துத்தம் 1 கிலோ, நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது அளவு. இரண்டையும் தனித்தனியே பாதித் தண்ணீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண் பாண்டமோ பிளாஸ்டிக் வாளியோ ஏற்றது. இரும்புப் பாத்திரம் ஆகாது. துலக்கிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்து எடுக்கும்போது செம்பு நிறம் படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

செண்பகத்தோப்புப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு ஒரு சொல். 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கெனச் சரணாலயம் அமைந்த இடம் அது. 2021 முதல் புலிகள் காப்பகத்திலும் சேர்ந்துள்ளது. அணில் கூடு கட்டிய கிளையை விட்டுவிடுக. அவ்வணில் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. மேலும் ஒரு கிளையால் தோட்டம் கெட்டுவிடாது.

ஒருவர் மட்டும் கவாத்துச் செய்து, அடுத்த தோட்டக்காரர் பட்ட கிளைகளை வரப்பில் குவித்து வைத்தால் பயன் குறைவே. பூசணம் வேலியைப் பார்ப்பதில்லை. இங்கேதான் ஊராட்சி முன்வர வேண்டும். ஆகஸ்டு 15-ஆம் நாள் கிராமசபை, ஆடி முடியும் தறுவாயில், இவ்வேலைக்கு மிகப் பொருத்தமாக வருகிறது. எந்த வாரம் எந்தப் பகுதித் தோட்டங்களில் கவாத்து, பொதுவில் எத்தனை ரம்பம், கழித்த கிளைகளை எங்கே சேர்த்து அப்புறப்படுத்துவது என்பவற்றை அன்றே பேசி முடிக்கலாம். தோட்டக்கலைத் துறை அலுவலரையும் அன்று அழைத்து வைத்துக்கொள்ளலாம். குத்தகைப் பத்திரம் எழுதும்போதே, காய் பறித்து முடிந்ததும் தோட்டத்தை உடனே ஒப்படைக்க வேண்டுமென ஒரு வரி சேர்ப்பதும் நன்று. அடுத்த கிராமசபை அக்டோபர் 2-ஆம் நாள். அதற்குத் தள்ளி வைத்தால் மழைக்கு முன் எஞ்சுவது இரண்டரை வாரமே.