கோடை சொல்லும் செய்தி

நுழையும்முன்

கோடை விடுமுறை நெருங்கினால், காஞ்சன்பாக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல ஊருக்குப் புறப்பட ஆயத்தமாகும். சில வீடுகளுக்கு ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வருவர். இரு வீடுகளிலும் எழும் வினா ஒன்றே: "அங்கே வெயில் எப்படி?" இவ்வினாவிற்கு விடை தருவது வானிலை முன்னறிவிப்பு. அதனைப் படிக்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் இப்பாடத்தில் அறிவோம்.

இரு நகரங்கள், இருவகை வெயில்

ஐதராபாத்தில் 41 டிகிரி செல்சியஸ் வெப்பம். அதே நாளில் சென்னையில் 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். எவ்வூர் வெயில் கொடியது? எண்ணை மட்டும் பார்ப்பவர் ஐதராபாத் என்பர். விடை அத்துணை எளிதன்று.

ஐதராபாத் தக்காணப் பீடபூமியின்மீது, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் உள்ளது. வங்கக்கடலோ 250 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. எனவே, கடற்காற்றின் குளிர்ச்சி இந்நகருக்குக் கிட்டுவதில்லை. பகலெல்லாம் சூடேறிய பாறைகளும் கான்கிரீட் கட்டடங்களும் இரவிலும் வெப்பத்தை உமிழ்கின்றன. 2.6.1966 அன்று இந்நகரில் 45.5 டிகிரி வெப்பம் பதிவாகியுள்ளது. எனினும், இங்குள்ள கோடைக்காலக் காற்று பெரும்பாலும் உலர்ந்தது. உலர்ந்த காற்றில் வியர்வை விரைந்து ஆவியாகும். அவ்வாறு ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். வியர்ப்பதே தெரியாமல் உடலின் நீர் குறைந்துவிடுவதுதான் இங்குள்ள இடர்.

சென்னை கடலோர நகரம். அங்குக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஆகையால் வியர்வை எளிதில் உலராது. உடலும் எளிதில் குளிராது. குறைந்த வெப்பமே அங்கு மிகுந்த துன்பம் தரும். இதனைக் கருதியே இந்திய வானிலை ஆய்வுத் துறை, வெப்ப அலையை அறிவிக்கச் சமவெளிக்கு 40 டிகிரி என்றும் கடலோரத்திற்கு 37 டிகிரி என்றும் வெவ்வேறு எல்லைகளை வகுத்துள்ளது. பொதுவாக, அவ்வெல்லையை எட்டுவதோடு, அவ்விடத்தின் வழக்கமான வெப்பத்தைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்திருத்தல் வேண்டும்.

காற்றின் பெயரும் காலத்தின் பெயரும்

கிழக்கிலிருந்து வீசும் காற்றைக் கொண்டல் என்றும், தெற்கிலிருந்து வீசுவதைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வீசுவதை வாடை என்றும் தமிழர் அழைத்தனர். மேற்கிலிருந்து வீசும் காற்றின் பெயர் கோடை. வெயில்காலத்திற்கும் மேல்காற்றிற்கும் ஒரே பெயர் அமைந்திருப்பதை நோக்குக. இப்பெயரின் பொருத்தத்தைச் சென்னையில் இன்றும் உணரலாம்.

பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழும்; கடல்மேலுள்ள குளிர்ந்த காற்று அவ்விடம் நோக்கி வரும். இதுவே கடற்காற்று. நண்பகலை ஒட்டி அது வந்துவிட்டால் வெயில் தணியும். மேல்காற்று வலுத்து வீசும் நாளிலோ கடற்காற்று நுழையத் தாமதமாகும். வெப்பம் ஏறிக்கொண்டே போகும். சென்னையில் 31.5.2003 அன்று வெப்பம் 45 டிகிரியை எட்டியது. ஆகவே, கடலோர ஊரின் முன்னறிவிப்பில் வெப்ப அளவோடு காற்றின் திசையையும் பார்த்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மே மாதத்தின் கடும்வெயில் நாள்களைத் தமிழ்நாட்டில் அக்கினி நட்சத்திரம் என்றும் கத்திரி வெயில் என்றும் கூறுவர். உங்கள் தெலுங்கு நண்பர்கள் கூறும் ரோகிணிக் கார்த்தி, மே மாத இறுதியில் தொடங்கும். அக்காலத்தில் கல்லுரலும் வெடிக்கும் என்பது தெலுங்குப் பழமொழி.

தீயும் காற்றும்

தெலங்கானாவின் தெற்கில் நல்லமலைக் காடுகள் உள்ளன. அங்குள்ள மரங்கள் பல, கோடை வருமுன்னரே இலை உதிர்த்துவிடும். தரையில் குவிந்த சருகுக்கு ஒரு தீப்பொறி போதும். இந்தியாவில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் செயலாலேயே மூள்கிறது. அணைக்காமல் எறிந்த பீடித்துண்டும் காட்டை எரிக்கும். இதனைத் தடுக்க வனத்துறையினர் சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். தேராதூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டு எச்சரிக்கை அனுப்புகிறது.

தீ மூண்ட பின்னர் அதன் விரைவை முடிவு செய்வதில் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 11.3.2018 அன்று காட்டுத்தீ பரவியது. காய்ந்த புல்லும் வீசிய காற்றும் தீயை வளர்த்தன. மலையேற்றத்திற்குச் சென்றவர்கள் அதில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். காட்டுக்குச் செல்வோர் தீ எச்சரிக்கையை அறிந்தும், வனத்துறையின் இசைவு பெற்றும் செல்லவேண்டியதன் தேவையை இத்துயரம் உணர்த்துகிறது.

கடலில்லா ஊரில் ஒரு கடல் மையம்

கடலுக்கு வெகுதொலைவிலுள்ள நம் ஐதராபாத்திலிருந்துதான் இந்தியக் கடற்கரைகளுக்குரிய அலை எச்சரிக்கைகள் வெளியாகின்றன. 1999 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், காஞ்சன்பாக்கிற்கு மறுமுனையில், பிரகதி நகரில் அமைந்துள்ளது. காற்று, அலை, நீரோட்டம் ஆகியவற்றின் நிலையை அம்மையம் மீனவர்க்கு முன்கூட்டியே தெரிவிக்கிறது.

சில கோடை நாள்களில் கரையில் காற்றும் இராது, மழையும் இராது. ஆயினும் கடல் திடீரெனப் பொங்கிவரும். பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தெற்குப் பெருங்கடலில் எழுந்த புயலின் அலைகள் நம் கரையை அடைவதே இதற்குக் காரணம். திருடனைப்போல ஓசையின்றி வருவதால் கேரள மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்றனர். 2024 மே மாதத் தொடக்கத்தில் இம்மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்தது. மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டக் கடலில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். எச்சரிக்கை வெளியாவது வேறு. அது கடலோரம் நிற்கும் ஒவ்வொருவரின் காதையும் எட்டுவது வேறு.

வண்ணங்களின் பொருள்

வானிலை எச்சரிக்கைக்கு நான்கு வண்ணங்கள் உண்டு. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு.

2015 மே மாதத்தில் வீசிய வெப்ப அலையால் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் 2000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெயிலில் உழைத்தோரும் முதியோரும் அவர்களுள் மிகுதி. அதன்பின் தெலங்கானா அரசு வெப்பத்தை எதிர்கொள்ளச் செயல்திட்டம் வகுத்தது. கூரையின் வெப்பத்தைக் குறைக்க 2023 இல் குளிர்கூரைக் கொள்கையையும் வெளியிட்டது.

எனினும், திட்டம் வீட்டு வாயிலோடு நின்றுவிடும். வீட்டிற்குள் அதனைக் கொண்டுசெல்பவர் நீங்களே. ஐதராபாத்தில் எச்சரிக்கை தெலுங்கிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒலிக்கும். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு அம்மொழிகள் தெரியாதிருக்கலாம். "பாட்டி, இன்று ஆரஞ்சு எச்சரிக்கை. நண்பகல் முதல் நான்கு மணி வரை வெளியே போக வேண்டாம். இந்தாருங்கள், மோர் குடியுங்கள்" என்று நீங்கள் தமிழில் சொல்லும்போதுதான் அச்செய்தி முழுமை பெறுகிறது. நீங்கள் கற்கும் தமிழ், தேர்விற்கு மட்டும் உரியதன்று. ஓர் உயிரைக் காக்கவும் உதவும்.

சொல்லும் பொருளும்

உமிழ்தல் – வெளிவிடுதல்
சருகு – உலர்ந்த இலை
மூளுதல் – தீப்பற்றுதல்
இசைவு – அனுமதி
இடர் – துன்பம், ஆபத்து

மதிப்பீடு

1. கோடிட்ட இடத்தை நிரப்புக: வடக்கிலிருந்து வீசும் காற்று ________ எனப்படும்.
2. 'கோடை' என்னும் சொல்லின் இரு பொருள்களையும் எழுதி, ஒவ்வொன்றையும் தொடரில் அமைக்க.
3. வெப்ப அலைக்குரிய எல்லை கடலோரத்திற்கும் சமவெளிக்கும் வேறுபடுவது ஏன்?
4. மேல்காற்று வலுக்கும் நாளில் சென்னையில் வெப்பம் மிகுவதற்குக் காரணம் யாது?
5. சிந்தனை வினா: எச்சரிக்கை விடுப்போர், கேட்போர் ஆகிய இருவருள் யாருடைய பொறுப்பு பெரிது? உம் கருத்தை எழுதுக.

கற்பவை கற்றபின்

ஒரு வாரம் நாள்தோறும் ஐதராபாத்தின் உயர்ந்த வெப்பத்தையும் உங்கள் சொந்த ஊரின் உயர்ந்த வெப்பத்தையும் அட்டவணையில் குறிக்க. தெலுங்கிலோ இந்தியிலோ கேட்ட வானிலை எச்சரிக்கை ஒன்றைத் தமிழில் மூன்று தொடர்களில் எழுதி, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுக.