பழுது பார்த்த பின் டீசல் செலவு ஏறுவதேன்?

பெரம்பலூர்ப் பகுதியின் பருத்தி, மக்காச்சோளம், செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம், ஜயங்கொண்டத்து நெசவாளர்க்கு வேண்டிய நூல் ஆகியவற்றைச் சொந்த லாரியில் ஏற்றும் சங்கங்களுக்கு டீசலே பெருஞ்செலவு. வண்டியைப் பழுது பார்த்தால் அச்செலவு குறையும் என்பது அங்கத்தினர்களின் நம்பிக்கை. சில சமயம் நேர்மாறாக நடப்பதும் உண்டு.

அரியலூர் வட்டாரத்தில் நாம் தணிக்கை செய்த சங்கம் ஒன்றில் இவ்வாறு நேர்ந்தது. தகுதிச் சான்றுக்காக லாரிக்கு எப்.சி. வேலை பார்த்தனர். முன்னர் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடிய வண்டி, பின்னர் 4.2 கிலோமீட்டரே ஓடியது. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட 600 லிட்டர் போதுமாயிருந்தது; இப்போது 714 லிட்டர் வேண்டியதாயிற்று. ஓட்டுநர் டீசலை விற்றுவிட்டார் என்று நிர்வாகக் குழு ஐயுற்று, அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்யவும் எண்ணியது. வண்டியைச் சோதிக்கும் வரை பொறுக்குமாறு வேண்டினோம்.

முதற்படி: அளவு

சமதரையில் நிறுத்தி, டாங்கியை விளிம்புவரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்க. வழக்கமான சுமையுடன் வழக்கமான பாதையில் ஓட்டி, அதே பங்கில் அவ்வாறே மீண்டும் நிரப்புக. ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். ஒரு முறை போதாது. மூன்று முறை பார்க்க வேண்டும்.

மீட்டரும் ஏமாற்றும். அது சக்கரம் சுற்றுவதையே கணக்கிடுகிறது. பின்புறத்தில் புது டயர் போட்டால் விட்டம் பெரிதாகும். அதே தூரத்திற்குச் சுற்று குறையும். ஆகவே மீட்டர் சுமார் 2 விழுக்காடு குறைத்துக் காட்டக்கூடும். இது நஷ்டமன்று, கணக்கு வேறுபாடே.

இரண்டாம் படி: பட்டறைப் பில்

கை வைத்த இடத்தில் காரணத்தைத் தேடுவதே முறை. பில்லில் உள்ள வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

1. பிரேக்: புது லைனிங் இறுக்கமாக அமைந்தால் சக்கரம் உராய்ந்துகொண்டே ஓடும். சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, டிரம்மைத் தொடாமல் அருகே கை வைத்துப் பார்க்கவும். மற்றவற்றைவிட அதிகமாகக் கொதிப்பதை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்க்கவும். சக்கர பேரிங்கை மிகை இறுக்கினாலும் இதே குறி தோன்றும்.

2. டயர்: காற்றழுத்தம் குறைந்தாலும், முன் சக்கரங்களின் அலைன்மெண்ட் பிசகினாலும் வண்டி இழுபடும். டயரின் மேல் குறுக்கே உள்ளங்கையால் தடவினால் ரம்பப்பல் போல் உறுத்தும்.

3. எஞ்சின்: கரும்புகை கண்டால் ஏர் பில்டர், நாசில், பம்ப் டைமிங் ஆகியவற்றைச் சோதிக்கவும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளில் பில்டர் விரைவில் அடைபடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் எஞ்சின் உரிய சூடு பெறாமல் டீசலைத் தின்னும். டீசல் பில்டர் மாற்றிய இடத்தில் கசிவு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

4. எண்ணெய்: தயாரிப்பாளர் குறித்ததைவிடக் கனமான எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் உராய்வைக் கூட்டும்.

2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பாரத் நிலை 6 லாரிகளில், புகைக்கரியை எரிக்கவே சிறிது டீசல் செலவாகும். அது அடிக்கடி நிகழ்ந்தால் கணினிக் கருவியுள்ள பட்டறையில் காட்ட வேண்டும்.

கண்டது என்ன?

மேற்கூறிய லாரியில் பின்சக்கரங்கள் இரண்டில் பிரேக் இறுகியிருந்தது. சரி செய்ததும் 4.9 கிலோமீட்டர் கிடைத்தது. எஞ்சிய சிறு குறைவு புது டயரால் வந்த மீட்டர் வேறுபாடு. ஓட்டுநர் குற்றமற்றவர். குழுவினர் அவரை அழைத்து அவ்வாறே கூறித் தீர்மானப் புத்தகத்திலும் எழுதினர்.

ஓர் எச்சரிக்கை: டீசல் மிச்சத்துக்காகப் பிரேக்கை அளவுக்கு மேல் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. தேர்ந்த மெக்கானிக்கே அதைச் சரி செய்ய வேண்டும்.

அங்கத்தினர் ஆலோசிக்க:

1. நம் லாரியின் பழுதுக்கு முன்னும் பின்னும் உள்ள டீசல் கணக்கு பதிவேட்டில் உள்ளதா?
2. பட்டறையில் மாற்றிய பொருள்களைச் சரிபார்ப்பவர் யார்?
3. ஊழியர் மீது ஐயம் எழுந்தால், சோதனைக்கு முன் பிடித்தம் செய்வது நியாயமா?