ஜீப் விற்கப் போகிறீர்களா?

வெள்ளவத்தைக் கடற்காற்றில் நின்ற ஜீப் என்றால், வாங்க வருபவர் முதலில் குனிந்து அடிச்சட்டத்துத் துருவைத்தான் பார்ப்பார். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள், சந்தேகம்தான் கூடும். பழைய பஜேரோ போன்றவற்றில் ஃபோர் வீல் லீவரை மாதக்கணக்கில் தொடாவிட்டால் இறுகிவிடும். விளம்பரம் போடுமுன் மணலிலோ கிரவல் பாதையிலோ போட்டுப் பாருங்கள். காய்ந்த தார் வீதியில் வேண்டாம், வளைவுகளில் கியர்ப் பகுதிகள் திணறும். சேர்விஸ் பில்களைத் திகதி வரிசையில் எடுத்து வையுங்கள்.

2025இல் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிட்டது. தட்டுப்பாட்டுக் காலத்து விலையில் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

பெயர் மாற்றாமல், படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டு 'ஓப்பன் பேப்பரில்' கொடுத்துவிடாதீர்கள். பெயர் மாறும்வரை, அந்த ஜீப் கொட்டாஞ்சேனையில் யாரையாவது இடித்தாலும் பொலிஸ் தேடி வருவது உங்களைத்தான். வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியை வாங்கிக்கொண்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள்.