லிண்டா போட்ட கணக்கு

திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய ஆய்வேட்டின் மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். ஃபோனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

தற்கால அமெரிக்க நாடகத்தில் வெற்றியும் மகிழ்ச்சியும் என்கிற தலைப்பு நல்ல தலைப்பு. உன் உழைப்பும் தெரிகிறது. ஆனால் மூன்று அத்தியாயங்களையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறாய்: பணத்தைத் துரத்தினால் நிம்மதி போய்விடும் என்று. இதைச் சொல்ல ஆர்தர் மில்லர் வேண்டியதில்லை. அடுத்த வேளை சாப்பாட்டைப் பற்றிக் கவலை இல்லாத யாருக்கும் இது சுலபமாக வாயில் வரும். மில்லரின் வீட்டில் அந்த நிம்மதி நிலைக்கவில்லை. 1929 பங்குச்சந்தைச் சரிவில் அவருடைய அப்பாவின் கோட்டுத் தொழில் நொடித்துப்போனது. பணம் இல்லாமல் போனால் வீட்டுக்குள் யார் யார் எப்படி மாறுகிறார்கள் என்று கண்ணால் பார்த்தவர் அவர்.

'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தில் பெர்னார்டை நீ ஒரே வரியில் கடந்துவிட்டாய். அவனிடம் திரும்பிப் போ. பக்கத்து வீட்டுப் படிப்பாளிப் பையன், விற்பனையாளர் வில்லி லோமனின் பிள்ளைகள் மட்டமாக நினைத்தவன். வளர்ந்து வக்கீலாகி உச்ச நீதிமன்றத்தில் வழக்காடக் கிளம்புகிறான். அதைக்கூட அவன் சொல்லிக்கொள்வதில்லை, அவன் அப்பா சார்லி சொல்லித்தான் வில்லிக்குத் தெரிகிறது. மில்லர் அவனை எங்கேயும் தண்டிக்கவில்லை. வெற்றியை விரும்புவதே தப்பு என்பது நாடகத்தின் கருத்தாக இருந்தால், பெர்னார்டுக்கு அதில் என்ன வேலை?

அடுத்து, முதல் அங்கத்தில் வில்லியின் மனைவி லிண்டா ஏப்ரன் பையிலிருந்து பென்சிலும் காகிதமும் எடுக்கிற இடம். நான் பாடம் நடத்திய காலமெல்லாம் இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குவேன். வில்லி வெளியூர் போய்த் திரும்பியிருக்கிறார். பிராவிடன்ஸில் 500, பாஸ்டனில் 700 விற்றதாகச் சொல்கிறார். லிண்டா உடனே கமிஷனைக் கணக்கிடுகிறாள்: 212 டாலர். அவளுக்கு ஒரே சந்தோஷம். அதற்குள் வில்லி பின்வாங்குகிறார். படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 200தான் என்கிறார். கமிஷன் எழுபது டாலரும் சில்லறையும். லிண்டா முகம் கோணவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு 16 டாலர், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு 9.60, தூசி உறிஞ்சிக்கு மூன்றரை, கூரைக்கு 21 பாக்கி என்று பட்டியல் போடுகிறாள். பதினைந்தாம் தேதிக்குள் 120 டாலர் வேண்டும். கையில் எழுபது.

விற்காமல் போனது பெரிய விஷயமே இல்லை. எந்த வியாபாரத்திலும் மந்தம் உண்டு. எழுபது என்கிற எண்ணை எழுபதாகவே வீட்டுக்குள் கொண்டுவர அவரால் முடியவில்லை என்பதுதான் நாடகம். பின்னால் கம்பெனி சம்பளத்தை நிறுத்திவிட்டது. சார்லியிடம் வாரம் 50 டாலர் கடன் வாங்கி, சம்பளம் என்று சொல்லி மனைவி கையில் கொடுக்கிறார். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல வாங்கிக்கொள்கிறாள். அவ்வளவு அன்பு இருக்கிற வீட்டில், உள்ளதை உள்ளபடி பேச இரண்டு பேருக்கும் ஒரு நாள்கூட வாய்க்கவில்லை. இந்த மௌனத்தைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை, பாப்பா.

இந்தக் கண்ணோடு மற்ற நாடகங்களையும் எடுத்துப் பார். டென்னசி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி'யில் லாராவை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்க்க அம்மா 50 டாலர் கட்டியிருக்கிறாள். லாராவுக்குக் கை நடுங்கி, வகுப்பிலேயே உடம்புக்கு முடியாமல் போய், நின்றுவிடுகிறாள். ஆனால் தினமும் வகுப்புக்குப் போவதுபோலக் கிளம்பிப் பூங்காவிலும் மிருகக்காட்சி சாலையிலும் நடந்து திரிந்துவிட்டு வீடு திரும்புகிறாள். நம் ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஏறி இறங்கின தலைமுறைக்கு இந்தப் பெண்ணை விளக்கவே வேண்டியதில்லை. அவள் தம்பி டாம் மின்கட்டணப் பணத்தை எடுத்து மாலுமிகள் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறான். விருந்தாளி வந்திருக்கிற அன்று ராத்திரி வீட்டில் விளக்கு அணைகிறது.

மில்லரின் 'ஆல் மை சன்ஸ்' பற்றி நீ எழுதியது மூன்றிலும் நல்ல பகுதி. ஜோ கெல்லரின் தொழிற்சாலையிலிருந்து வெடிப்பு விட்ட 121 சிலிண்டர் ஹெட்கள் போர் விமானங்களுக்குப் போகின்றன, 21 விமானிகள் சாகிறார்கள். எல்லாம் குடும்பத்துக்காகத்தான் என்கிறார் அவர். இதில் ஒன்றைச் சேர்த்துக்கொள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் ஜன்னலை மூடுகிறார்களே, அந்தக் காற்றைப் பற்றிச் சுற்றுவட்டாரக் கிராமத்தார் எத்தனையோ ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அந்த ஆலைகளில் வேலை பார்ப்பவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்தான். என் குடும்பம் என்று சொல்லும்போது அந்த வட்டம் எதுவரை நீள்கிறது என்று கெல்லரை நோக்கி எழுகிற கேள்வி இந்தச் சாலையிலும் இருக்கிறது. உன் ஆய்வேட்டில் அதை எழுதுவதற்கு நீ தயங்க வேண்டாம்.

யூஜின் ஓநீல் நாடகத்தில் வருகிற நடிகர் டைரோனுக்கு ஒரே வேஷத்தில் பணம் கொட்டியது. வறுமையில் வளர்ந்த பயம் மட்டும் போகவில்லை. அதற்கு ஒரு பத்தி போதும், நீட்டாதே.

லாரெய்ன் ஹான்ஸ்பெரிக்குத்தான் அதிக இடம் கொடு. 1959இல் மேடையேறிய 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தை நீ நாலாவது அத்தியாயத்துக்கு வைத்திருக்கிறாய். என்னைக் கேட்டால் அதுதான் மையம். இறந்துபோன அப்பாவின் இன்ஷூரன்ஸ் பணம் 10,000 டாலர் வருகிறது. அம்மா 3,500ஐ வீட்டுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதி 6,500ஐ மகன் வால்ட்டரிடம் கொடுக்கிறாள். அதில் 3,000 தங்கையின் டாக்டர் படிப்புக்கு. அவன் மொத்தத்தையும் மதுக்கடை போடுகிற திட்டத்தில் நம்பி ஒருவனிடம் கொடுத்து ஏமாறுகிறான். பணம் போனது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. ஒளித்து வைக்க ஒன்றும் மிச்சமில்லை. வீடு இருக்கும் வெள்ளையர் குடியிருப்பில் உள்ளவர்கள், கறுப்பரான இந்தக் குடும்பம் அங்கே வரக்கூடாதென்று, வீட்டைக் கூடுதல் விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ள ஆள் அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று முதலில் முடிவு செய்த வால்ட்டர், தன் சின்னப் பையன் பக்கத்தில் நிற்கும்போது, வேண்டாம், குடிவருகிறோம் என்கிறான். ஹான்ஸ்பெரியின் அப்பாவே சிகாகோவில் இப்படியொரு வீட்டை வாங்கி, வழக்கு 1940இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. யார் எந்தத் தெருவில் மனை வாங்கலாம் என்று இன்னொருவர் தீர்மானிப்பது என்றால் என்னவென்று நம் மாவட்டத்தில் வளர்ந்த உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, பணம் முக்கியமில்லை என்று எழுத உனக்குக் கை வராது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கு ஒட்டுமா என்று உன் வகுப்பில் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தாய். 1983இல் மில்லரே பெய்ஜிங் போய்ச் சீன நடிகர்களை வைத்து 'சேல்ஸ்மேன்' நாடகத்தை இயக்கினார். அப்படியொரு தொழிலே வழக்கத்தில் இல்லாத ஊரில் சனங்கள் வில்லியைப் புரிந்துகொண்டார்கள். நமக்கு இன்னும் கிட்டத்தில் ஆள் இருக்கிறார். புதுமைப்பித்தன் பிறந்தது இதே திருப்பாதிரிப்புலியூரில், 1906இல். அவருடைய 'ஒருநாள் கழிந்தது' கதையில் எழுதிப் பிழைக்கிற முருகதாசர் அன்றாடச் செலவை எப்படிச் சமாளிக்கிறார் என்று படி. அதே புதுமைப்பித்தன் சினிமாவை நம்பிப் புனே வரை போய், காசநோயோடு திரும்பி, 1948இல் காலமானார். மறு ஆண்டுதான் வில்லி லோமன் மேடையேறினார். திரௌபதியம்மன் திருவிழா நடக்கும்போது ஏதாவது ஒரு கிராமத்தில் விடிய விடிய உட்கார்ந்து 'கர்ண மோட்சம்' கூத்தும் பார். போருக்குக் கிளம்புகிற கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் எதிரெதிரே நிற்கிற கட்டத்தில், பிறப்பைப் பற்றி அத்தனை நாள் பேசாமல் விட்டதெல்லாம் வெளியே வருகிறது. சாதாரண மனிதனும் துன்பியல் நாடகத்துக்கு உரியவன்தான் என்று 1949இல் மில்லர் ஒரு கட்டுரை எழுதினார். கூத்து பார்த்துவிட்டு அதைப் படித்தால் உனக்கு நிறையப் பிடிபடும்.

இனி உன் விஷயம். சென்னைக் கம்பெனி வேலையா, முனைவர் பட்டமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு ஆராய்ச்சிதான் விருப்பம். உனக்கு அதற்கான பொறுமை இருக்கிறது. ஆனால் அதைத் தீர்மானிக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை நிச்சயம் கிடைத்துவிடும், மாதம் 37,000 ரூபாய் வரும் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். நெட் தேர்வையே நீ இன்னும் எழுதவில்லை. கிடைத்தால் எனக்கு உன்னைவிட மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் ஐந்து ஆண்டுகள் எதை வைத்து ஓட்டுவது, விடுதிக் கட்டணம் யார் கட்டுவது என்று அவனும் நீயும் பேசவே இல்லை. அவன் மனம் நோகக்கூடாதென்று நீ கூட்டிச் சொல்கிறாய். நீ கவலைப்படக்கூடாதென்று முதுநகரில் தான் நடத்தும் கடையின் நிலவரத்தை அவன் குறைத்துச் சொல்கிறான். என் தம்பியை எனக்குத் தெரியும். நீ கேட்டால்தான் சொல்வான்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வரும்போது ஒரு தாளில் இரண்டு பக்கத்தையும் எழுது: உதவித்தொகை வந்தால், வராவிட்டால். அதை அவனிடம் கொடு. கடை வரவு செலவையும் வாங்கிப் பார். வேலைக்குப் போய் இரண்டு வருடம் சேமித்துவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்புவதுதான் சரி என்று இரண்டு பேருக்கும் தோன்றினால் அதுவும் நல்ல முடிவே, நான் வருத்தப்பட மாட்டேன். இல்லை, இப்போதே சேர்கிறேன் என்றால், முதல் வருடத்து விடுதிக் கட்டணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்பதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள். பேசி முடித்ததும் எத்தனை மணியானாலும் ஃபோன் செய்.

அன்புடன்,
பெரியப்பா