மலைமேல் நீரும் நமது கிணற்று நீரும்

நமது வட்டாரத்துக் கிராமங்களுக்குச் செல்லும்போது விவசாயப் பெருமக்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “மேற்கே மலை இருக்கிறது, மழைக் காலத்தில் ஆறும் ஓடுகிறது. நமது பகுதியில் ஏன் ஒரு நீர்மின் நிலையம் அமைக்கவில்லை?” நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண முற்பட்டால், நமது கிணறுகளையும் கண்மாய்களையும் பற்றிய ஓர் உண்மையும் விளங்கும்.

நீரின் சக்தி

நீர்மின்சாரத்திற்கு இரண்டு தேவை. ஒன்று, ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கக்கூடிய நீர். மற்றொன்று, அது விழுவதற்கான உயரம். மலைமேல் அணை கட்டித் தேக்கிய நீரைப் பெரிய குழாய்களின் வழியே கீழே இறக்குகிறார்கள். அது விசையுடன் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்ற, அதனுடன் இணைந்த இயந்திரம் மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1,000 லிட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் சுமார் கால் யூனிட் மின்சாரம் கிடைக்கும். 5 குதிரைச் சக்தி பம்ப்செட் ஒரு மணி நேரம் ஓடச் சுமார் 4 யூனிட் வேண்டும். அதாவது, ஏறக்குறைய 16,000 லிட்டர் நீர் மலையிலிருந்து 100 மீட்டர் இறங்க வேண்டும்.

நமது அர்ச்சுனா நதியும் வைப்பாறும் மழைக் காலத்தில் மட்டுமே பெருகுபவை. பிளவக்கல் அணைகள் பாசனத்திற்காகக் கட்டப்பட்டவை. ஆகவே பெரிய நீர்மின் நிலையம் இங்கு அமையவில்லை.

நாடு கண்ட வளர்ச்சி

இந்தியாவில் 1897இல் டார்ஜிலிங்கிலும், 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலும் நீர்மின்சாரம் உற்பத்தியாயிற்று. தமிழ்நாட்டில் நீலகிரியின் பைக்காரா 1932இலும், மேட்டூர் 1937இலும் மின்சாரம் வழங்கத் தொடங்கின. தாமிரபரணியின் மேல் அமைந்த பாபநாசம் நிலையம் 1944 முதல் தென் மாவட்டங்களுக்கு மின்சாரம் அளிக்கலாயிற்று. பின்னர் இம்மூன்றும் ஒரே மின்தொடராக இணைக்கப்பட்டன. ஆறில்லாத ஊருக்கும் ஆற்றின் சக்தி எட்டியது இவ்வாறுதான்.

விருதுநகரில் பிறந்த திரு. காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் பெரியாறு மின் நிலையமும், கனடா நாட்டின் உதவியுடன் குந்தா திட்டமும் உருவாயின. மின்கம்பிகள் கிராமங்களை நோக்கி விரைந்தன. கமலை இறைத்த கிணறுகளில் பம்ப்செட்டுகள் ஏறின. சிவகாசியில் அச்சு இயந்திரங்கள் பெருகின.

நீர்மின்சாரத்தின் பெருஞ்சிறப்பு யாதெனில், அது நீரைச் செலவழிப்பதில்லை. பாபநாசத்தில் சக்கரத்தைச் சுழற்றிய நீரே கீழே அணைக்கட்டுகளை அடைந்து நெல் வயல்களில் பாய்கிறது.

இன்றைய நிலை

அந்நாளில் மாநிலத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீரிலிருந்தே கிடைத்தது. இன்று நீர்மின் நிலையங்களின் மொத்தத் திறன் சுமார் 2,300 மெகாவாட். தேவையோ அதனைப் பன்மடங்கு கடந்துவிட்டது. அனல், அணு, காற்று, சூரிய சக்தி ஆகியவையே பெரும்பகுதியை நிறைவு செய்கின்றன. ஆயினும் நீர்மின்சாரத்தின் மதிப்புக் குறையவில்லை. மதகைத் திறந்த சில நிமிடங்களில் அது தயாராகிவிடும். ஆகவே விளக்கேற்றும் மாலை நேரத்துக்கென அதனைச் சேமித்து வைக்கிறார்கள். 1987 முதல் இயங்கும் காடம்பாறை நிலையத்தில், மின்சாரம் மிகுந்திருக்கும் வேளையில் நீரை மேலேற்றி, தட்டுப்பாடான வேளையில் இறக்கி 400 மெகாவாட் வரை பெறுகிறார்கள்.

நாம் கற்க வேண்டியது

நீர் இறங்கும் உயரம் மின்சாரத்தைத் தருகிறது. நீரை ஏற்றும் உயரம் மின்சாரத்தை உண்கிறது. 15 மீட்டர் ஆழத்திலிருந்து நீர் இறைப்பதைவிட 30 மீட்டர் ஆழத்திலிருந்து அதே அளவு நீரை இறைக்க ஏறக்குறைய இருமடங்கு மின்சாரம் வேண்டும். 60 மீட்டராயின் நான்கு மடங்கு. பாசன மின்சாரத்திற்கு நம்மிடம் கட்டணம் பெறுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அதன் செலவை அரசு ஏற்கிறது. ஆழம் கூடக் கூட மோட்டாரின் சக்தியைக் கூட்டவும், ஆழ்துளை இறக்கவும் ஆகும் செலவோ நம்முடையது. இறுதியில் கிணறே வற்றுமாயின், கம்பியில் மின்சாரம் இருந்தும் பயனில்லை.

மலைமேல் அணை எவ்வாறோ, கரிசல் சீமைக்குக் கண்மாய் அவ்வாறு. கண்மாயில் ஒரு போகம் நீர் நின்றால் சுற்றுக் கிணறுகளில் நீர்மட்டம் உயர்கிறது. மட்டம் உயரும் ஒவ்வொரு மீட்டரும் மின்சாரச் சேமிப்பே.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மழைக்கு முன்பே வரத்துக் கால்வாய்களைப் பார்வையிட்டு, அடைப்பையும் ஆக்கிரமிப்பையும் அகற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. அவற்றின் கரை, மடை, கலுங்கு ஆகியவற்றின் பழுதைக் கிராம சபையில் தீர்மானமாக எழுதி நமது அலுவலகத்திற்கு அனுப்பலாம். விடிந்த பின்னும் எரியும் தெருவிளக்குகளை அணைக்க ஒருவரைப் பொறுப்பாக்கலாம். விவசாயிகள் சொட்டுநீர்ப் பாசனத்திற்கு மாறுவது நலம். சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு முழு மானியம் உண்டு.

நமது வட்டாரத்தில் நீர்மின் நிலையம் அமையாமற் போகலாம். ஆனால் கண்மாயைக் காத்து மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் நாமே உற்பத்தி செய்த யூனிட்டுக்குச் சமம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இப்பணியை ஒவ்வொரு பஞ்சாயத்தும் மேற்கொள்ளுமாக.